மூன்றாம் எஸ்டேட்

பந்தலூரில் நான்காம் நாளாக விடாத மழை.
ஆசிரியர் அறையில் ஒரே ஒரு ஹீட்டர்,
அதுவும் தலைமையாசிரியரின் காலடியில்.
சிவப்புப் பேனாவை
உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றிக்கொண்டு
காலாண்டுத் தாள்களைத் திருத்துகிறேன்.

வினா முப்பத்தெட்டு:
பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை விவரி.
ஐந்து மதிப்பெண்.

விடைக்குறிப்பு கேட்பது இவ்வளவுதான்:
மூன்று எஸ்டேட்டுகளாகப் பிரிந்த சமூகம்,
காலியான கஜானா,
உப்பு வரி,
ரொட்டி விலை.
ஆளுக்கொன்றாக நான்கு. கையெழுத்துக்கு ஒன்று.

முப்பது பேர் நோட்ஸை அப்படியே இறக்கியிருந்தார்கள்,
நான் கரும்பலகையில் விட்ட எழுத்துப்பிழை உட்பட.
இரண்டு பேர் பாஸ்டில் சிறையை
வேலூரில் கட்டியிருந்தார்கள்.

பிறகு ப. தவமலர்.

"முதல் எஸ்டேட்டில் சாமியார்கள் இருந்தார்கள்.
இரண்டாம் எஸ்டேட்டில் துரைமார்கள்.
மூன்றாம் எஸ்டேட்தான் பெரியது.
கொழுந்து எடுப்பவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள்.
லயம் ஒழுகும்.
சாமியாரும் துரையும் வரி கட்ட மாட்டார்கள்.
மூன்றாம் எஸ்டேட்டில் மட்டும் மூட்டைக்கு
இரண்டு கிலோ தண்ணீர்க் கழிவு.
வெயில் நாளிலும் கழிப்பார்கள்."

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசை போஜன் சார் நிமிர்ந்து பார்த்தார்.
ஒன்றுமில்லை என்றேன்.
சிரித்த வாய் மூடுவதற்குள்
அந்த இரண்டு கிலோ வந்து
நெஞ்சில் உட்கார்ந்தது.

ஆர்டன்ஹில், மூணாம் நம்பர் டிவிஷன்.
எடைக் கொக்கிக்கு இந்தப் பக்கம் நின்றவர் என் அப்பா.
ரைட்டர். காக்கி அரைக்கால்சட்டை, காதில் பென்சில்.
முள் நிற்கும் முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார்.
அந்த அவசரத்தில்தான்
நான் பி.எட். படித்தேன்.

தாளைத் திருப்பினேன்.

"ரொட்டி இல்லாமல் பெண்கள் அரண்மனைக்கு நடந்தார்கள்.
அன்றைக்கும் மழை.
இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்காமலே போனார்கள்.
கைக்குழந்தைக்காரிகள்
பிள்ளைமடுவத்தில் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள்.
ராஜா ஜன்னலைத் திறக்கவில்லை.
நாயை அவிழ்த்துவிட்டார்.
அம்மாவுக்குக் கெண்டைக்காலில் ஏழு தையல்."

'அம்மாவுக்கு' என்பதை அடித்திருந்தாள்.
அதன் மேலே, சின்னதாக:
ஒரு பெண்ணுக்கு.

"ஆனாலும் திரும்பி வரும்போது
ராஜாவையும் கூடவே கூட்டிவந்தார்கள்."

அது பாரிஸில்.
இங்கே யாரும் யாரையும் கூட்டிவரவில்லை.
போன ஆடியில் நடந்தது எனக்கும் தெரியும்.
பஸ் நிறுத்தத்தில் குடைக்குள் நின்றபடி
அவர்கள் மேலே ஏறிப்போவதைப் பார்த்தேன்.
பிறகு தாசில்தார் ஜீப் வந்தது,
கையெழுத்து வாங்கியது, இறங்கிப் போனது.
மறுநாள் வகுப்பில் நான்
அட்சரேகை நடத்தினேன்.

கடைசிப் பத்தி:

"பிறகு ராஜாவைக் கவாத்து செய்தார்கள்.
கவாத்து செய்தால் கொஞ்ச நாள் வெறும் குச்சியாக நிற்கும்.
செத்துப்போச்சு என்று புதுசாக வந்தவர்கள் நினைப்பார்கள்.
முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும்.
அதனால் ஒருமுறை செய்துவிட்டு
வீட்டுக்குப் போய்விடக் கூடாது."

இது விடைக்குறிப்பில் இல்லை.
எந்தக் கைடிலும் இல்லை.

எஸ்டேட்டுக்கு ஒன்று. ரொட்டிக்கு ஒன்று.
கையெழுத்து அழகு, ஒன்று.
கஜானாவைத் தொடவே இல்லை.
தண்ணீர்க் கழிவை
உப்பு வரிக் கணக்கில் சேர்க்கலாமா என்று
குறிப்பு எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.
கூட்டினால் மூன்று.

ஐந்தில்
இரண்டு கழிவு.

பேனா கையில் மறுபடி குளிர்ந்துவிட்டது.
டீ வந்து ஆடை படிந்து கிடக்கிறது.
ஹீட்டர் பக்கமிருந்து குரல்:
"சார், நைன்த் பி மார்க் போட்டாச்சா?
இன்னிக்கே ஏத்தணும்."

"இல்லைங்க சார்" என்றேன்.
"முள்ளு இன்னும் நிக்கல."

என்ன முள் என்று அவர் கேட்கவில்லை.
மழைச் சத்தத்தில்
காதில் விழுந்ததோ என்னவோ.